வெயில் நாளில் சட்டை நனைந்தால், ஒட்டினால், நாறினால்: ஆண்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கொங்குப் பகுதியின் கோடை சென்னையின் கோடையைப் போன்றதன்று. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் கோயம்புத்தூர் அவற்றைவிடச் சற்றுத் தணிந்திருக்கும். ஆனால் உச்சிவேளையில் காற்றின் ஈரப்பதம் கடற்கரை ஊர்களைவிடக் குறைவாக இருப்பது இந்த ஊர்கள் அனைத்துக்கும் பொது. உடை விஷயத்தில் இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. சுற்றுப்புற வெப்பம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வெறும் காற்று வீசி உடல் குளிராது. வியர்வை ஆவியாவதால் மட்டுமே குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. உலர்ந்த காற்று அந்த வேலையை விரைவாகச் செய்து தரக் காத்திருக்கும்போது, நம் உடையில் எது அதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே இங்குள்ள வழிமுறையின் நோக்கம்.

குறை தென்பட்டவுடன் புதுத் துணி வாங்க ஓடவேண்டியதில்லை. முதலில் சட்டையின் அளவையும், அடுத்து உள்ளே அணிவதையும், அதன்பின் சலவையையும், கடைசியாகத் துணியையும் பாருங்கள். செலவு குறைந்த திருத்தங்கள் முன்னால் வருமாறு இந்த வரிசையை வைத்திருக்கிறேன்; பெரும்பாலான குறைகள் நான்காவது படிக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் துணியை அறிந்துகொள்ள இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவது. நல்ல பருத்தியில் அது சில நொடிகளில் பரவி மறையும்; மணியாக நின்றால், துணியில் மென்மைக்காகப் பூசப்பட்ட சிலிக்கான் போன்ற பூச்சு இருக்கிறது, அல்லது அது செயற்கை இழை. புதுச் சட்டையாக இருந்தால் ஒருமுறை துவைத்துவிட்டு மீண்டும் சோதிக்கவேண்டும். இரண்டாவது, சட்டையின் உள்தையல் மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பார்ப்பது. தையல் நூலை எடுக்காதீர்கள். பருத்திச் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும் என்பதால், துணியின் இழையைத்தான் எடுக்கவேண்டும். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டரானால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால் அது கலப்புத் துணி.

முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொள்கிறது

எல்லாரும் சொல்லும் முதல் குறை இதுதான். சட்டைக்கும் தோலுக்கும் நடுவே காற்று நகர இடமில்லாமல் போனதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பட்டன்கள் போட்டு நிமிர்ந்து நின்றுகொண்டு, மார்பின் இரு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மொத்தத்தில் ஒரு சாண் அளவு துணியாவது கையில் வரவில்லை என்றால், துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது ஒட்டத்தான் செய்யும். உடம்பைப் பிடித்தாற்போல் தைத்த ஸ்லிம் ஃபிட் சட்டைகள் இந்தச் சோதனையில் தோற்பதைத்தான் மிகுதியாகப் பார்க்கலாம். எனக்குச் சட்டை தைக்கும் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, வெயில் காலத்துச் சட்டை தோள்லதான் நிக்கோணுமுங்க, அதுக்குக் கீழ ஒரு எடத்துலயும் புடிக்கக் கூடாதுங்க" என்பார். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக விழுந்துவிட்டால், கீழே உள்ள தளர்வு பொருந்தாத சட்டையாகத் தெரியாது. நன்றாக உடுத்தியதாகவே தெரியும். தோளும் தளர்ந்து, உடலும் தளர்ந்து இருக்கும்போதுதான் கடன் வாங்கிய சட்டை போலத் தோன்றும்.

புதிதாகத் தைப்பவர்கள் முதுகின் நடுவில் ஒரு பாக்ஸ் பிளீட் வைக்கச் சொல்லுங்கள். கைகளை முன்னே நீட்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் அந்த மடிப்பு விரிந்து, முதுகுத் துணி தோலில் அழுந்தாமல் காக்கும். கைக்குழி மிகவும் கீழே இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் இழுபடும். மிகவும் மேலே இருந்தால் அக்குள் நனையும். இரண்டு விரல் தாராளமாக நுழையும் அளவு சரியானது. மாட்டிய பையின் அடியில் முதுகு நனைவதைச் சட்டையால் சரிசெய்ய இயலாது; கோடை முடியும் வரை கைப்பையோ ஒரு தோளில் தொங்கும் பையோ நல்லது.

அளவு சரியாக இருந்தும் ஒட்டினால் துணியைப் பாருங்கள். பருத்தி இயல்பான நிலையில் தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும்; லினன் 12 விழுக்காட்டு அளவுக்கு வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் வைத்துக்கொள்வது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பாலியஸ்டர் மிகுந்த டெரிகாட்டன் சட்டை கசங்காது, சீக்கிரம் காயும் என்று நம்மில் பலர் பழகியிருக்கிறோம். ஆனால் அது நீராவியாக வரும் வியர்வையை உள்வாங்காததால், தோலின் மேல் ஈரம் தேங்கிப் புழுக்கம் கூடுகிறது. அதற்காகப் பருத்தி என்றாலே போதும் என்றும் எண்ணக் கூடாது. தடித்த பருத்தி ஈரத்தை நன்றாகக் குடித்துவிட்டு நெடுநேரம் காயாமல் கனத்துக் கிடக்கும். ஆகவே இழையின் பெயரோடு எடையையும் நெசவையும் கேளுங்கள். சட்டைத் துணி சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராமுக்குள் இருந்தால் நம் வெயிலுக்குப் பொருந்தும். ஊடும் பாவும் ஒன்றுவிட்டு ஒன்று மாறிச் செல்லும் சாதா நெசவு காற்றை விடும். பளபளக்கும் சாட்டின் நெசவும் சாய்கோடு தெரியும் ட்வில் நெசவும் இழைகளை நெருக்கி அடைக்கும். லினன் இந்த எடைக் கணக்குக்கு விதிவிலக்கு. அதன் நூல் விறைப்பானது. 150 கிராமுக்கு மேல் இருந்தாலும் உடம்பிலிருந்து விலகியே நிற்கும்.

நூலின் நம்பரைக் கேட்பதும் பயன் தரும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நூல் பாதிப் பருமனுடையது என்று கடைக்காரர்கள் சொல்வது எடையில்தான், விட்டத்தில் அன்று. ஆனால் மெல்லிய நூலை மிக நெருக்கமாக நெய்திருந்தால் பயனில்லை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பழகிய வியாபாரிகள் துணியைப் பிரித்தவுடன் அதன் பின்னால் தங்கள் கையை விரித்து வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார்கள். விரல்களின் நிழல் தெரிந்து, விரல்களுக்கு இடையே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் காற்றும் வரும். விரல் ரேகையே தெரியும் அளவுக்கு இருந்தால் அது வேட்டிக்குச் சரி, சட்டைக்குச் சரியன்று. கதர்த் துணியில் கையால் நூற்ற நூலின் பருமன் ஏறி இறங்குவதால், இந்தப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் நிறையத் தெரியும். அதனால்தான் சற்றுக் கனமான கதர்ச் சட்டையும் புழுங்குவதில்லை. சர்வோதய சங்கக் கதர்க் கடைகளிலும் கோ-ஆப்டெக்ஸிலும் வெயில் காலத்துச் சட்டைத் துணியை முதலில் தேடுவது என் விருப்பம். பருத்தியும் லினனும் சுருங்கும் என்பதால், தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தளர்வாகத் தைத்த சட்டையே மூன்றாம் சலவையில் பிடிக்கத் தொடங்கும்.

அக்குளில் ஈர வட்டம் தெரிகிறது

வியர்ப்பதைவிட அது தெரிவதுதான் பலருக்குச் சங்கடம். நிறத் தேர்வால் இதைப் பாதியளவு தீர்த்துவிடலாம். வெளிர்சாம்பலும் நடுத்தர நீலமும் ஈரத்தை மிகத் தெளிவாகக் காட்டும். வெள்ளையும் கருநீலமும் குறைவாகக் காட்டும். சிறு கட்டமோ கோடோ போட்ட துணி ஏறக்குறைய மறைத்தேவிடும். வெயிலில் நேராக நிற்பவர்களுக்கு அடர்நிறம் கூடுதல் வெப்பத்தை வாங்கித் தரும் என்பது உண்மை. நாள் முழுவதும் கூரைக்குக் கீழ் வேலை செய்பவர்களுக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.

மீதிப் பாதிக்கு வாசனை தரும் டியோடரன்ட் உதவாது. வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்புக் கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட் மட்டுமே. அதைக் காலையில் குளித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பூசுவதைவிட, இரவு படுக்கும் முன் அக்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பூசுவதே சரி. வியர்வை குறைந்திருக்கும் இரவு நேரத்தில்தான் அது துளைகளில் படிந்து வேலை செய்யும். காலையில் குளித்தாலும் அதன் பலன் போகாது.

மஞ்சள் கறையும் வெள்ளைக் கோடும்

இரண்டும் வெவ்வேறு. கறுப்பு, கருநீலச் சட்டைகளில் மலைத்தொடர் வரைந்தாற்போல் தெரியும் வெள்ளைக் கோடு வியர்வையின் உப்பு. சோப்பு தேவையில்லை, அன்று மாலையே வெறும் தண்ணீரில் அலசினால் போய்விடும். உலர்ந்த காற்று உள்ள நம் ஊர்களில் வியர்வை சட்டென்று காய்வதால் இந்தக் கோடு மிகுதியாகத் தெரிகிறது.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் வரும் மஞ்சள், அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து படிவது. இதற்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போன்ற குளோரின் வெளுப்பான்களைப் போட்டால் மஞ்சள் இன்னும் அழுத்தமாகும். அலசிய துணியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஊறவிட்டு, முழுவதும் அலசி எடுத்த பிறகு, சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் தேய்த்துத் துவைத்தால் படிவு தளரும். வினிகரையும் குளோரின் வெளுப்பானையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும். சொட்டு நீலம் மஞ்சளை எடுப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படிந்துவிடுவதால், வெள்ளை பழுப்பாவதோடு துணியின் துளையும் அடைபடும். அங்கே சலவைத் தூளைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

துவைத்த சட்டையும் அரை மணி நேரத்தில் நாறுகிறது

வியர்வைக்குத் தனியே பெரிதாக நாற்றமில்லை. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியா அதைச் சிதைப்பதால் நாற்றம் வருகிறது. பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையை இறுகப் பிடித்துக்கொள்வதால் பருத்தியைவிட மிகுதியாக நாறும். விளையாட்டு டீசர்ட்டுகளை அலுவலகத்துக்குப் போட்டுச் செல்பவர்கள் இதை அறிந்திருப்பார்கள். துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் துவைத்து, அப்படியே வெயிலில் காயவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்திவிடுங்கள். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, தண்ணீரும் சோப்பும் உள்ளே போவதையே தடுக்கும். கழற்றிய சட்டையைச் சுருட்டிக் கூடையில் போடாமல், துவைக்கும் வரை கொடியில் விரித்துப் போடுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

பனியன் போட்டால் புழுக்கம், போடாவிட்டால் ஈரம்

பனியனுக்குப் பேர்போன திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்மில் பலர் தவறான பனியனை அணிகிறோம். கையில்லாத பனியன் அக்குளைத் தொடுவதே இல்லை என்பதால் அங்கே வரும் வியர்வை நேராகச் சட்டைக்குப் போகிறது. அக்குள் ஈரம்தான் குறை என்றால் கை வைத்த பனியன் அணியவேண்டும். முதுகுப் புழுக்கம்தான் குறை என்றால் பனியனே வேண்டாம் என்று விட்டுவிடலாம். சட்டைத் துணி நல்ல பருத்தியாகவும் தளர்வாகவும் இருக்கும்போது பனியன் இல்லாமல் போவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வெள்ளைச் சட்டைக்கு அடியில் வெள்ளைப் பனியன் பட்டையாகத் தெரியும். தோலின் நிறத்தை ஒட்டிய பழுப்பு அல்லது சாம்பல் பனியன் தெரியாது. வாங்கும்போது சதுர மீட்டருக்கு 120 முதல் 140 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி பின்னலைக் கேளுங்கள். இரண்டு அடுக்காகப் பின்னப்படும் இன்டர்லாக் குளிர்காலத்துக்கு உரியது.

காலர் தொய்கிறது, லினன் கசங்குகிறது

காலர் தொய்வதற்குக் காரணம், உள்ளே வைத்து ஒட்டிய பக்ரம் வியர்வையிலும் சூட்டிலும் துணியிலிருந்து விட்டுப்போவது. குமிழ் குமிழாகத் தெரிந்தால் அது பிரிந்துவிட்டது என்று பொருள். தேய்ப்பதால் மீளாது, காலரை மாற்றித் தைக்கவேண்டும். புதிதாகத் தைக்கும்போது மெல்லிய பக்ரம் போதும். கழுத்தைச் சுற்றி ஒற்றைப் பட்டையாக நிற்கும் சைனீஸ் காலர் இன்னும் நல்லது.

லினன் கசங்குவது குறையன்று, அதன் இயல்பு. கசங்குவதை மறைக்க விரும்புவோர் கஞ்சி போடுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசிக் கஞ்சி நம் வீடுகளில் பழக்கமானது. விறைத்த துணி தோலிலிருந்து விலகி நிற்பதால் லேசான கஞ்சி உண்மையிலேயே குளிர்ச்சி தரும். கெட்டியாகப் போட்டால் நெசவின் துளைகள் அடைபட்டு, வியர்த்ததும் பிசுபிசுக்கும். விரலில் தொட்டால் வழுக்கலே தெரியாத அளவுக்கு நீர்க்கக் கரைத்த கஞ்சியே போதும்.

தொடை உரசல், இடுப்பில் வேர்க்குரு, அரிப்பு

இதைப் பேசக் கூச்சப்பட்டே பலர் வளர்த்துவிடுகிறார்கள். தொடை உரசலுக்குத் தொடை வரை நீண்ட, தையல் உள்பக்கம் விழாத பருத்தி டிரங்க் உள்ளாடையும், காலையில் மெல்லிதாகப் பூசிய வாசலினும் பெரும்பாலும் போதும். இறுக்கமான எலாஸ்டிக்கும் அதன் மேல் பேன்ட் பட்டியும், அதன் மேல் பெல்ட்டும் சேரும் இடத்தில் வேர்க்குரு வருகிறது. இடுப்பளவை ஓர் அங்குலம் தளர்த்திப் பாருங்கள். ஜீன்ஸ் துணி பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் இருக்கும். 200 முதல் 240 கிராம் வரையுள்ள பருத்தி பேன்ட் அதில் பாதி எடைதான், பார்வைக்கும் நேர்த்தியாக இருக்கும். வீட்டிலும் கடைவீதியிலும் நாலு முழ வேட்டிக்கு இணையானது எதுவுமில்லை.

ஓரம் சிவந்து வட்டமாகப் பரவும் அரிப்பு வேர்க்குருவன்று, படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். முதலில் அரிப்பு அடங்கியதுபோல் இருந்து, பிறகு நோய் ஆழமாகவும் அகலமாகவும் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும். உள்ளாடையையும் துண்டையும் பிறருடன் பகிராமல், வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும்.

ஷூ நாறுகிறது

ஒரே ஜோடியை நாள்தோறும் போடுவதுதான் காரணம். ஒருநாள் அணிந்தால் மறுநாள் காற்றாட விட்டு, உள்ளட்டையை வெளியே எடுத்து உலர்த்துங்கள். நைலான் சாக்ஸைப் பருத்தி மிகுந்த சாக்ஸாக மாற்றுங்கள். அலுவலகம் அனுமதித்தால் தோல் செருப்பே மேல்.

வண்டியில் போகும்போது கை எரிகிறது, தலை சுற்றுகிறது

உச்சிவெயிலில் அவிநாசி சாலையிலோ பெருந்துறை சாலையிலோ இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு அரைக்கைச் சட்டை குளிர்ச்சி என்பது தவறான எண்ணம். தோலைவிடச் சூடான காற்றும் நேர் வெயிலும் படும்போது, தளர்வான மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையே கையைக் காக்கும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்திக் குல்லா அணிந்தால் உள்மெத்தை நாறாது. கழுத்தைச் சுற்றி நனைத்துப் பிழிந்த துண்டைப் போட்டு, அதன் முனைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டால், உலர்காற்றில் அது ஆவியாகும் வரை நல்ல ஆறுதல்.

தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் வண்டியை நிழலில் நிறுத்தி, சட்டையைத் தளர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசலோ மோரோ குடித்து ஓய்வெடுக்கவேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, வியர்த்திருந்தாலும் வியர்க்காவிட்டாலும் அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும் வரை உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கவேண்டும்.

முகூர்த்தத்தில் பட்டுச் சட்டை படுத்துகிறது

வைகாசி முகூர்த்தங்களில் மண்டபத்தின் கூட்டமும் ஓமப்புகையும் சேர்ந்து, உலர்காற்று என்ற நம் வசதியைப் பறித்துவிடுகின்றன. முதலில் சட்டை உண்மையான பட்டா என்று பாருங்கள். உண்மைப் பட்டு பருத்தியைவிடக் கூடுதலாக ஈரத்தை உள்வாங்கும், எரித்தால் முடி கருகும் வாசனை வரும். பட்டு என்று விற்கப்படும் பளபளப்புச் சட்டைகளில் பல பாலியஸ்டர். மாப்பிள்ளையின் தோழர்கள் நாள் முழுவதும் அவதிப்படுவது இதனால்தான். வேட்டியில் சேலத்து வெண்பட்டைக் கட்டிக்கொண்டு, மேலே வெள்ளைப் பருத்திச் சட்டையோ லினன் சட்டையோ அணிந்து, பட்டு அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டால் முறைக்கும் குறைவில்லை, பார்வைக்கும் நன்றாக இருக்கும். மணமகனே பட்டுச் சட்டை அணிந்தாகவேண்டும் என்றால், உள்ளே கை வைத்த மெல்லிய பனியன் கட்டாயம். வியர்வை பட்ட பட்டில் வட்டமாகக் கறை விழும், பிறகு எளிதில் போகாது. சென்ட்டையும் டியோடரன்ட்டையும் சட்டை அணியும் முன்பே பூசி உலரவிடவேண்டும், துணியின் மேல் தெளிக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் பட்டு வேட்டியையும் சட்டையையும் நிழலில், மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு விரித்துப் போடுங்கள். வியர்வை பட்டவற்றை உலர்சலவைக்குக் கொடுத்த பிறகே பீரோவில் வைக்கவேண்டும். வைக்கும்போது பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்; ஈரத்தோடு ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை கறுத்து, மடிப்போரத்தில் பட்டு இற்றுப்போகும்.